வயிற்றுத் தசை விலகியிருந்தால் முதுகு வலிக்குமா?

கேட்டவருக்கு 26 வயது, ஆண், நாள் முழுக்க லேப்டாப் முன்னால் வேலை. எட்டு மாதமாக அடிமுதுகு வலிக்கிறது. ஏதோ ஒரு வீடியோவைப் பார்த்துவிட்டு மல்லாந்து படுத்து, தலையைக் கொஞ்சம் தூக்கி, தொப்புளுக்கு மேலே விரல் வைத்துப் பார்த்திருக்கிறார். இரண்டு விரல் உள்ளே இறங்குகிறதாம். படுக்கையிலிருந்து எழும்போது நடு வயிற்றில் நீளவாக்கில் ஒரு மேடும் தெரிகிறதாம். வயிற்றுத் தசை பிரிந்ததால்தான் முதுகு வலிக்கிறதா, சிட்-அப்ஸ் எடுத்தால் இன்னும் பிரியுமா, பெல்ட் போடலாமா, இடைவெளியை மூடித் தருவதாகச் சொல்லும் ஆன்லைன் பயிற்சிக்குப் பணம் கட்டலாமா என்று வரிசையாகக் கேட்டிருக்கிறார். நான்கு கேள்விகள் இருந்தாலும் அடியில் இருப்பது ஒன்றுதான்: என் வலிக்குக் காரணம் கிடைத்துவிட்டதா?

அநேகமாக இல்லை என்பதே என் பதில். நான் ஃபிசியோதெரபிஸ்ட், முதுகு, மூட்டு, தசை சம்பந்தப்பட்டவர்களைப் பல வருடங்களாகப் பார்த்து வருகிறேன், பிரசவம் முடிந்த பெண்களையும் சேர்த்து. நான் அறுவை மருத்துவர் இல்லை. உங்கள் வயிற்றையோ முதுகையோ தொட்டுப் பார்க்காமல் எழுதுகிறேன். அதனால் கீழே சொல்வதில் எது உறுதி, எது சந்தேகம் என்பதைப் பிரித்தே சொல்கிறேன்.

முதலில் அந்த இடைவெளி. நெஞ்செலும்பின் கீழ்முனையிலிருந்து இடுப்பின் முன்னெலும்பு வரை, வயிற்றின் முன்புறம் இடமும் வலமுமாக இரண்டு நீளத் தசைகள் இறங்குகின்றன. சிக்ஸ்-பேக் என்று சொல்வது இவற்றைத்தான். இரண்டும் எல்லோருக்குமே தனித்தனியாகத்தான் இருக்கின்றன. நடுவில் லினியா ஆல்பா என்ற வெண்ணிறப் பட்டை இருக்கிறது. அது தசை இல்லை, கொலாஜன் இழைகள் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிய திசு. பக்கவாட்டு வயிற்றுத் தசைகளின் உறைகளும் அங்கேதான் வந்து சேர்கின்றன. ஆகவே ‘தசை பிரிந்துவிட்டது’ என்றால் எதுவும் கிழிந்துவிட்டதாக நினைக்க வேண்டாம். அந்தப் பட்டை அகலமாகி, கொஞ்சம் மெலிந்து, தளர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். டயாஸ்டாசிஸ் ரெக்டி என்று ஸ்கேன் ரிப்போர்ட்டில் எழுதுவது இதைத்தான்.

எவ்வளவு அகலமானால் அதை விலகல் என்று சொல்வது? இங்கேதான் வீடியோக்கள் சொல்லாமல் விடும் விஷயம் இருக்கிறது. 1996-இல் உடற்கூறு ஆய்வு ஒன்றின் அடிப்படையில், 45 வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்குத் தொப்புளுக்கு மேலே 10 மில்லிமீட்டர், தொப்புள் மட்டத்தில் 27, கீழே 9 என்று ஓர் எல்லை வகுத்தார்கள். 2009-இல் குழந்தை பெறாத 150 பெண்களை அல்ட்ராசவுண்டில் அளந்த இன்னொரு ஆய்வு, தொப்புளுக்கு 3 சென்டிமீட்டர் மேலே 22 மில்லிமீட்டர் வரை இயல்பு என்றது. ஐரோப்பிய ஹெர்னியா (குடலிறக்க) சங்கம் 2021-இல் வெளியிட்ட வழிகாட்டி 2 சென்டிமீட்டருக்கு மேல் போனால் விலகல் என்கிறது. ஒரு கணக்கில் நோயாளி, இன்னொரு கணக்கில் நல்ல ஆரோக்கியம்! இதில் ஆண்களுக்கென்று தனியாக வகுத்த, எல்லோரும் ஒப்புக்கொண்ட அளவு எதுவும் கிடையாது.

விரலால் பார்ப்பதில் இன்னொரு சிக்கலும் உண்டு. இரண்டு விரல் என்றால் யாருடைய விரல்? தலையை எவ்வளவு தூக்கினீர்கள், எவ்வளவு அழுத்தினீர்கள், தொப்புளிலிருந்து எவ்வளவு தள்ளி வைத்தீர்கள் என்பதைப் பொறுத்து விடை மாறும். தோலுக்கு அடியில் கொழுப்பு இருந்தால் விரல் அதில் புதைவதையும் இடைவெளி என்று நினைத்துவிடுவோம். தனக்குத் தானே பார்க்கும்போது கழுத்தை வளைத்து எட்டிப் பார்ப்பதே வயிற்றின் இறுக்கத்தை மாற்றிவிடும். சரியாக அளக்க வேண்டும் என்றால் அல்ட்ராசவுண்ட்தான். உங்களுக்கு அது இப்போது தேவையா என்றால், தேவையில்லை என்றே சொல்வேன். 20 மில்லிமீட்டர் என்று வந்தாலும் 30 என்று வந்தாலும் நான் சொல்லப்போகும் வைத்தியம் ஒன்றுதான்.

சரி, விலகல் இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். அது முதுகு வலியைத் தருமா? இதில் ஓரளவு நல்ல ஆதாரம் இருக்கிறது, ஆனால் ஏறக்குறைய எல்லாமே பிரசவித்த பெண்களிடம் எடுத்தது. நார்வேயில் முதல் குழந்தை பெற்ற 300 பெண்களைத் தொடர்ந்து கவனித்து 2016-இல் வெளியிட்டார்கள். பிரசவமான ஆறாவது வாரத்தில் 60 சதவீதம் பேருக்கு விலகல் இருந்தது. ஒரு வருடம் கழித்தும் சுமார் 33 சதவீதம் பேருக்கு இருந்தது. விலகல் இருந்தவர்களுக்கு இடுப்பு, அடிமுதுகு வலி மற்றவர்களைவிட அதிகமாக இல்லை. போர்ச்சுகலில் 84 பெண்களைப் பார்த்த 2015 ஆய்விலும் இதே கதைதான். கர்ப்பத்தின் 35-ஆவது வாரத்தில் அத்தனை பேருக்குமே விலகல் இருந்தது, பிரசவமாகி ஆறு மாதம் கழித்து 39 சதவீதம் பேருக்கு மிஞ்சியிருந்தது, வலியோடு தொடர்பு தெரியவில்லை. தொடர்பு உண்டு என்று சொல்லும் சிறிய ஆய்வுகளும் இருக்கின்றன. அவற்றில் பல, ஏற்கெனவே முதுகு வலியோடு வைத்தியத்துக்கு வந்தவர்களிடம் அளந்தவை. வயதும் உடல் எடையும் கூடக்கூட இடைவெளியும் அகலமாகிறது, முதுகு வலியும் அதிகமாகிறது. அந்த இரண்டையும் கழித்துவிட்டுப் பார்க்காவிட்டால் காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையாகிவிடும்.

மிகவும் அகலமான விலகல், அதாவது நான்கு ஐந்து விரல் இறங்கி, வயிறு முன்னால் தொங்கி, எதையும் தூக்கவே முடியாத நிலை வேறு. அப்படிப்பட்ட சில பெண்களுக்கு அறுவை சிகிச்சைக்குப் பிறகு முதுகும் உடல் வலுவும் தேறியதாக ஸ்வீடனிலிருந்து ஆய்வுகள் வந்திருக்கின்றன. நானும் அப்படிச் சிலரைப் பார்த்திருக்கிறேன். ஆனால் அறுவை சிகிச்சை ஆய்வுகளில், எதிர்பார்ப்பினால் வந்த நிவாரணம் எவ்வளவு, தையலால் வந்தது எவ்வளவு என்று பிரிப்பது கடினம். உங்கள் இரண்டு விரலுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

பிறகு ஏன் இந்தக் காரணம் இவ்வளவு நம்பும்படியாக இருக்கிறது? அதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1996-இல் ஆஸ்திரேலியாவில் பால் ஹாட்ஜஸும் கரோலின் ரிச்சர்ட்சனும், முதுகு வலி உள்ளவர்கள் கையைத் தூக்கும்போது வயிற்றின் ஆழத்தில் இருக்கும் குறுக்குத் தசை கொஞ்சம் தாமதமாக வேலை செய்கிறது என்று காட்டினார்கள். கவனமாகச் செய்த ஆய்வு, மறுக்க வேண்டியதில்லை. அது ஜிம்முக்கும் யோகா வகுப்புக்கும் போனபோது ‘கோர் பலவீனமானால் முதுகு வலி’ என்ற ஒரே வாக்கியமாகச் சுருங்கிவிட்டது. அந்த ஆழத் தசையைக் குறிவைத்த பயிற்சிகளைப் பிற பயிற்சிகளோடு ஒப்பிட்டபோது வலியில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை என்று 2016-இல் காக்ரேன் தொகுப்பு சொன்னது. காக்ரேன் என்பது மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் அமைப்பு. வயிற்றுத் தசைகளும் அவற்றின் உறைகளும் வயிற்றுக்குள் அழுத்தத்தை உண்டாக்கி முதுகெலும்பைத் தாங்க உதவுகின்றன என்பது உடற்கூறில் சரி. நடுப்பட்டை ஒரு சென்டிமீட்டர் அகலமானால் அந்தத் தாங்கல் குலைந்து வலி வரும் என்பதை மட்டும் யாரும் காட்டவில்லை.

எம்ஆர்ஐ எடுத்தவர்களுக்கு இது தெரிந்த அனுபவமாக இருக்கும். ‘ஜவ்வு விலகியிருக்கு’ என்று ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு வருவார்கள். வலியே இல்லாத ஆட்களை ஸ்கேன் செய்த ஆய்வுகளைத் தொகுத்து 2015-இல் வெளியிட்டார்கள். அதில் 20 வயதுக்காரர்களிலேயே சுமார் 30 சதவீதம் பேருக்கு டிஸ்க், அதாவது அந்த ஜவ்வு, பிதுங்கியிருந்தது, 37 சதவீதம் பேருக்கு டிஸ்க் தேய்மானம் இருந்தது. வலிக்கும்போது தேடினால் உடம்பில் ஏதாவது ஒன்று அகப்படும். அகப்பட்டதெல்லாம் குற்றவாளி ஆகிவிடாது.

இளம் ஆண்களுக்கு ஏன் இடைவெளி வருகிறது என்பதையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தொப்பைதான் முதல் காரணம், அதிலும் குடலைச் சுற்றிச் சேரும் உள்கொழுப்பு. உடல்வாகு ஒரு காரணம். சிலருக்குப் பிறவியிலேயே பட்டை அகலம். மூட்டெல்லாம் அளவுக்கு மீறி வளையும் இணைப்புத்திசுக் குறைபாடு உள்ளவர்களுக்கும் வரலாம். அதிக எடை தூக்குவதால் வருகிறது என்று ஜிம்மில் சொல்வார்கள். அதற்கு ஆதாரம் பலவீனம்.

எனக்கு உங்கள் கேள்வியில் இடைவெளியைவிட அதிகம் உறுத்தியது ‘26 வயது, எட்டு மாதம்’ என்ற இரண்டு விவரங்கள்தான். இந்த வயதில் இவ்வளவு நாள் நீடிக்கும் வலியில் பெரும்பாலானது ஆபத்தில்லாத, எந்தத் திசு என்று சுட்டிச் சொல்ல முடியாத வலி. பத்தில் ஒன்பது முதுகு வலி அந்த வகைதான். ஆனால் மீதியைத் தவறவிடக் கூடாது. அதனால் உங்களையே சில கேள்விகள் கேட்டுக்கொள்ளுங்கள். காலையில் எழுந்ததும் முதுகு அரை மணி நேரத்துக்கு மேல் இறுகிக் கிடக்கிறதா? நடக்க நடக்கத் தேவலாம், ஓய்வெடுத்தால் மோசம் என்று இருக்கிறதா? விடியற்காலை மூன்று நான்கு மணிக்கு வலி எழுப்பிவிடுகிறதா? பின்தொடையின் மேலே, பிட்டத்தில், ஒரு வாரம் இடப்பக்கம் மறுவாரம் வலப்பக்கம் என்று மாறி மாறி வலிக்கிறதா? கண் சிவந்து வலித்தது, தோலில் சொரியாசிஸ், வீட்டில் யாருக்காவது இதே மாதிரி என்று ஏதாவது உண்டா? இவற்றில் இரண்டு மூன்றுக்கு ஆமாம் என்றால் ஆங்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ் வகையைச் சேர்ந்த, முதுகெலும்பு மூட்டுகளைத் தாக்கும் அழற்சி நோயாக இருக்கலாம். இருபதுகளில்தான் அது பெரும்பாலும் தொடங்கும். சாதாரண வலி என்று நினைத்து வருடக்கணக்கில் மாத்திரை போட்டுக்கொண்டு அலைந்துவிட்டு வருபவர்கள் உண்டு. ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் ஈஎஸ்ஆர், சிஆர்பி அளவுகள் இயல்பாக இருந்தாலும் நோய் இல்லை என்று ஆகாது. மூட்டு அழற்சி நோய்களைப் பார்க்கும் ரூமட்டாலஜிஸ்ட்டைப் பாருங்கள். இப்போது நல்ல மருந்துகள் இருக்கின்றன, சீக்கிரம் பிடித்தால் நல்லது.

நம் ஊரில் இன்னொன்றையும் மறக்கக் கூடாது: முதுகெலும்பில் வரும் காசநோய். இருமலே இல்லாமல் வரும். மாலையில் லேசான காய்ச்சல், எடை குறைதல், பசி இல்லாமை, முதுகெலும்பில் குறிப்பிட்ட ஓரிடத்தைத் தட்டினால் வலி என்று இருந்தால் பயிற்சி எதுவும் தொடங்காமல் முதலில் மருத்துவரிடம் போங்கள். வேகப்பந்து வீசுகிறவராக இருந்து, முதுகைப் பின்னால் வளைக்கும்போது ஒரு பக்கம் சுரீர் என்றால், முள்ளெலும்பில் மயிரிழை முறிவு இருக்கலாம். கால் விரல் வரை மின்சாரம் பாய்வது போல வலி, பாதத்தைத் தூக்க முடியாமை இருந்தால் நரம்பைப் பரிசோதிக்க வேண்டும். சிறுநீர் வராமல் நின்றுவிடுவது, தன்னையறியாமல் மலம் கழிந்துவிடுவது, தொடை இடுக்கிலும் ஆசனவாயைச் சுற்றியும் மரத்துப் போவது, இவை வந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. மறுநாள் காலை வரை காத்திருக்க வேண்டாம்.

இவை எதுவும் இல்லை என்றால், இனி என்ன செய்வது என்று பேசலாம். சிட்-அப்ஸ் பயத்திலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அந்தப் பயம்தான் நிறையப் பேரை ஒன்றும் செய்யாமல் உட்கார வைத்துவிடுகிறது. தலையையும் தோளையும் தூக்கும்போது விலகல் உள்ளவர்களுக்கு இடைவெளி உண்மையில் குறுகுகிறது என்று 2016-இல் அல்ட்ராசவுண்டில் பார்த்தார்கள். வயிற்றை உள்ளிழுத்து ஆழத் தசையை இறுக்கினால் அது சற்று அகலமாகிறது, ஆனால் பட்டை தொய்யாமல் இறுக்கமாக இருக்கிறது. எல்லோரும் சொல்லி வந்ததற்கு நேர்மாறு! 2023-இல் நார்வேயில் பிரசவித்த 70 பெண்களை வைத்து ஒரு சோதனை நடந்தது. பாதிப் பேர் 12 வாரம் கர்ல்-அப் வகைப் பயிற்சி, அதாவது படுத்தபடி தலையையும் தோளையும் தூக்கும் பயிற்சி செய்தார்கள். வயிற்றின் வலு கூடியது, இடைவெளி மோசமாகவில்லை. பெரிதாகக் குறையவும் இல்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பயிற்சியால் இடைவெளி ஓரளவு குறையலாம், முற்றிலும் மூடிவிடும் என்று யாரும் வாக்குக் கொடுக்க முடியாது.

எழும்போது தெரியும் அந்த மேட்டைப் பற்றி: அது ஆபத்தின் அறிகுறி இல்லை. அந்த நொடியில் உள்ளே அழுத்தம் கூடுகிறது, நடுப்பட்டை அதற்கு ஈடாக இறுகவில்லை, அவ்வளவுதான். ஒரு பயிற்சியில் மேடு பெரிதாக வந்தால் மூச்சை அடக்காமல் வெளியே விட்டுச் செய்து பாருங்கள், அல்லது அதையே கொஞ்சம் எளிதாக்குங்கள். அப்போதும் வருகிறது ஆனால் வலிக்கவில்லை என்றால் நான் தடுக்க மாட்டேன். சில ஃபிசியோக்கள் இதில் என்னைவிடக் கண்டிப்பாக இருப்பார்கள். யார் சரி என்று தீர்த்துச் சொல்லும் ஆய்வு இன்னும் வரவில்லை.

முதுகு வலிக்கு என்று எடுத்துக்கொண்டால் உடற்பயிற்சி உதவுகிறது என்பதில் சந்தேகம் குறைவு. நாட்பட்ட அடிமுதுகு வலிக்குப் பயிற்சி தரும் 249 சோதனைகளை 2021-இல் காக்ரேன் தொகுத்தது. ஒன்றும் செய்யாமல் இருப்பதைவிட அது மேல் என்பது தெளிவாக வந்தது. பலன் நடுத்தர அளவுதான், அற்புதம் எதுவும் இல்லை. 2024-இல் ஆஸ்திரேலியாவில் 701 பேரை வைத்து, வலி தணிந்தவர்களைப் படிப்படியாக நடக்க வைத்துப் பார்த்தார்கள். நடந்தவர்களுக்கு வலி திரும்ப வர எடுத்த காலம் ஏறக்குறைய இரண்டு மடங்கு நீண்டது. அவர்கள் பெரும்பாலும் உங்களைவிட மூத்தவர்கள், இருந்தாலும் நடைக்குச் செலவில்லை.

உங்கள் நிலையில் ஒருவர் என்னிடம் வந்தால் நான் தொடங்குவது இப்படித்தான். தினமும் நடை, இருபது நிமிடத்தில் ஆரம்பித்துக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். வாரத்தில் மூன்று நாள் வலுப் பயிற்சி. மல்லாந்து படுத்து எதிரெதிர் கையையும் காலையும் மெல்ல நீட்டுவது, கையையும் முட்டியையும் தரையில் ஊன்றி அதையே செய்வது, பக்கவாட்டு பிளாங்க், இடுப்பைத் தூக்கும் பிரிட்ஜ், பாதி சிட்-அப். இரண்டு மூன்று வாரத்தில் எடை தூக்க வைப்பேன். இடுப்பிலிருந்து குனிந்து நிமிர்ந்து ஒரு பையைத் தூக்குவது, அப்புறம் டம்பெல், அப்புறம் பார்பெல். இருபது லிட்டர் தண்ணீர் கேனை யோசிக்காமல் தூக்கி வைக்கிற நிலைக்கு வர வேண்டும், அதுதான் இலக்கு. செய்யும்போது பத்துக்கு மூன்று நான்கு அளவு வலி வந்து, மறுநாளைக்குள் பழைய நிலைக்குத் திரும்பினால் பரவாயில்லை. மறுநாளும் கூடியே இருந்தால் அளவைக் குறையுங்கள், நிறுத்த வேண்டாம். உட்காரும் விதத்தைப் பற்றி அதிகம் கவலைப்படாதீர்கள். நிமிர்ந்து உட்கார்ந்தாலும் நான்கு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்தால் வலிக்கத்தான் செய்யும்; அரை மணிக்கு ஒருமுறை எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வாருங்கள். தொப்பை இருந்தால் அது குறைவது வயிற்றின் இடைவெளிக்கும் நல்லது, முதுகுக்கும் நல்லது. தூக்கம் கெட்டிருந்தால் அதைச் சரிசெய்யாமல் மற்றது எதுவும் முழுப் பலன் தராது.

பெல்ட்டை ஒரு மோசமான வாரத்தில், பஸ்ஸில் நீண்ட தூரம் போகும்போது போட்டுக்கொள்ளுங்கள், தவறில்லை. அது வயிற்றின் நடுப்பட்டையை ஒட்ட வைக்காது. நம் வீடுகளில் பிள்ளை பெற்றவளுக்குப் பழைய பருத்திப் புடவையால் வயிறு கட்டுவார்களே, அதுவும் ஆறுதலுக்கும் தாங்கலுக்கும்தான். சிசேரியன் ஆன முதல் சில நாட்கள் இருமும்போதும் எழும்போதும் அது உண்மையிலேயே உதவும். மூச்சு முட்ட இறுக்கிக் கட்டினால் வயிறு சீக்கிரம் உள்ளே போகும் என்பதற்கு மட்டும் ஆதாரம் இல்லை. இதைப் படிக்கும் பெண்களுக்கு ஒன்று: பிரசவத்துக்குப் பிறகு முதல் சில மாதங்களில் இடைவெளி தானாகவே நன்றாகக் குறையும். தும்மும்போது சிறுநீர் கசிவது, கீழே ஏதோ இறங்குவது போன்ற உணர்வு இருந்தால், வயிற்றை விட்டுவிட்டு இடுப்புத்தளத் தசைகளைப் பரிசோதிக்கத் தெரிந்த ஃபிசியோவிடம் போங்கள்.

விலகலையும் குடலிறக்கத்தையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. விலகலில் ஓட்டை கிடையாது, குடல் சிக்கிக்கொள்ளும் அபாயமும் இல்லை. நீளமான மேடாக இல்லாமல், தொப்புளிலோ அதற்கு மேலேயோ உருண்டையாக ஒரு கட்டி துருத்திக்கொண்டு, தொட்டால் வலித்தால் அது ஹெர்னியாவாக இருக்கலாம். இரண்டும் சேர்ந்தே வருவதும் உண்டு. அந்தக் கட்டி உள்ளே போகாமல் இறுகி, வாந்தியும் வந்தால் அவசரம். வெறும் விலகலுக்கு மட்டும் அறுவை சிகிச்சை என்று யாராவது உங்களிடம் பேசினால், ஐரோப்பிய வழிகாட்டியே முதலில் பயிற்சியைத்தான் சொல்கிறது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு இன்னொரு மருத்துவரின் கருத்தையும் கேளுங்கள்.

கடைசியாக அந்த ஆன்லைன் பயிற்சி. அதில் இருக்கும் பயிற்சிகள் மேலே சொன்னவற்றிலிருந்து பெரிதாக வேறுபடாது என்பது என் ஊகம். தனியாகச் செய்ய மனம் வராது, யாராவது விரட்டினால்தான் செய்வேன் என்றால் கட்டுங்கள், அதற்கும் ஒரு மதிப்பு இருக்கிறது. ‘இத்தனை வாரத்தில் இடைவெளி மூடும், வலி போகும்’ என்பதை நம்பிக் கட்டாதீர்கள். வாரா வாரம் விரல் வைத்து அளப்பதையும் விட்டுவிடுங்கள். அதற்குப் பதில் எவ்வளவு நேரம் வலியில்லாமல் உட்கார முடிகிறது, எவ்வளவு தூரம் நடக்க முடிகிறது, எவ்வளவு எடை தூக்க முடிகிறது என்று எழுதி வையுங்கள். ஒழுங்காகச் செய்தும் எட்டுப் பத்து வாரத்தில் இந்த மூன்றில் ஒன்றுகூட நகரவில்லை என்றால், நேரில் ஒருவரிடம் காட்டி முதுகை முழுதாகப் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.